பேர்

எங்கள் காம்பராவில் அந்தக் காய்ச்சல்
மூன்று நாள் படுத்தது,
கொத்தமல்லி குடித்தது, எழுந்து போனது.
லயத்தில் எல்லார் வீட்டுக்கும் போன மாதிரிதான்.
நாலாம் நாளே நிதுர்ஷிகா
வாசலில் கோடு கிழித்துப் பாண்டி ஆடினாள்.

அது போய் இருபத்தேழு நாள்.
தகரத்தில் மழை விடாத ஒரு புதன்கிழமை
"வயிறு வலிக்குதும்மா" என்றாள்.
நெற்றியைத் தொட்டால் ரொட்டிக்கல்.

டிஸ்பென்சர் பனடோல் கொடுத்தார்.
மறுநாளும் கொடுத்தார்.
மூன்றாம் நாள் பிள்ளையைப் பார்க்காமலே கொடுத்தார்.
நானும் அவளைக் கம்பளிக்குள் விட்டுவிட்டு
ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன்.
இதையும் சொல்லிவிடுகிறேன்,
யாரும் கேட்காவிட்டாலும்.

ஐந்தாம் நாள் மத்தியானம் ஓடி வந்து பார்த்தால்
கண் இரண்டும் சிவந்திருந்தன.
பீளை இல்லை, நீர் இல்லை, வெறும் சிவப்பு.
நாக்கை நீட்டச் சொன்னேன்.
நுவரெலியா ரோட்டோரம்
வெள்ளைக்காரருக்கு விற்கிற அந்தப் பழம்,
அவள் கேட்டு நான் வாங்கித் தராத பழம்,
வாய்க்குள் இருந்தது.

காலைக் கொழுந்து பதினொரு கிலோ.
"அரைப்பேர்தான் போடுவேன்" என்றார் கணக்கப்பிள்ளை.
போடுங்கள்.

டிக்கோயாவில் ஒரு இரவு.
பிறகு அம்புலன்ஸ்.
கினிகத்தேனைத் திருப்பம் ஒவ்வொன்றிலும்
அவள் தலை என் மடியில் உருண்டு
திரும்பி வந்தது.

பேராதனையில் டொக்டர் சிங்களத்தில் வேகமாகச் சொன்னார்.
பக்கத்துக் கட்டில் நில்மினி,
ஹங்குரன்கெத்தக்காரி,
தனக்குத் தெரிந்த தமிழில் மெதுவாகச் சொன்னாள்:
"கிருமி போச்சு அக்கா.
கிருமிய அடிக்க வந்தது போகல்ல.
அது இப்ப பிள்ளைய அடிக்குது."

புரிந்தது.
பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி,
பன்றி போய் மாசமானாலும்
தேயிலைக்கடியில் கிடக்கும்.
போன வருசம் அதில் மாட்டியது
எங்கள் வீட்டு நாய்.

இருட்டறையில் நெஞ்சில் பசை தடவினார்கள்.
திரையில் அவள் இதயம்
கொழுந்துக் கூடையில் விழுந்த வெட்டுக்கிளியாய்
துள்ளித் துள்ளி வெளியேறப் பார்த்தது.
ஒரு குழாய் கொஞ்சம் அகலமாம்.
மில்லிமீற்றரில் சொன்னார்கள்.
எனக்குக் கிலோ மட்டும்தான் தெரியும்.

கண்ணாடிப் போத்தலில் மருந்து வந்தது.
தண்ணீர் மாதிரி, ஆட்டினால் நுரைத்தது.
விலை என்ன என்று கேட்கச் சொன்னேன்.
"இங்க சல்லி இல்ல அக்கா.
இது மனுசர் ரத்தத்துல வடிச்சது.
ஆயிரம் பேர்ட்ட எடுத்து
ஒண்ணாக்கினது."

ஆயிரம் பேர்.

எங்கள் பக்கம் ஒரு நாள் கூலிக்குப் பேர் என்றுதான் சொல்லுவோம்.
நிறை பிடித்தால் முழுப்பேர்,
குறைந்தால் அரை.
மாசம் இருபது விழுந்தால் நல்ல மாசம்.
ஆயிரம் பேர் விழ
நாலு வருசத்துக்கு மேல் நான் மலை ஏற வேண்டும்.
அவளுக்கு ஒரே ராத்திரியில்
சொட்டுச் சொட்டாய் விழுந்தது.

யார் அவர்கள், எந்தத் தேசம்?
பஸ்ஸில் என் கூடை உரசினால்
முகத்தைச் சுளிக்கிறவனும்
அதில் ஒருத்தனாய் இருக்கலாம்.
இருக்கட்டும்.
என் பிள்ளைக்குள் இரு,
கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாவது இரு.

விடியக் கை வைத்தேன். ஈரம்.
"பசிக்குது" என்றாள்.
அவள் அப்பாவுக்குக் கொழும்புக்குப் போன் எடுத்து
ஒன்றும் பேசாமல் வைத்தேன்.

இப்போது வீட்டில்.
விரல் நுனிகள் உள்ளிச் சருகாய் உரிகின்றன.
அப்படித்தான் உரியும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.
உள்ளே இருப்பது
ஒருநாளும் எதையும் தொடாத தோல்.
கறை ஏறி வெடித்த என் விரலை
அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்,
எடுத்துக்கொண்டேன்.

காலையில் ஒரு சின்ன அஸ்பிரின்.
பாண்டி ஆடக் கூடாது.
கோடு மட்டும் கிழிக்கிறாள்.

அடுத்த ஸ்கேன் இருபத்தெட்டாம் திகதி.
அன்றைக்கு எனக்குப் பேர் இல்லை.